குளியலறையில் ஞானஸ்நானம் வேண்டாம், அம்மா

கேள்வி: என் மகன் கத்தோலிக்கன், மருமகள் இந்து. பதிவுத் திருமணம். மகன் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) போய் எட்டு வருடம் ஆகிறது. பேரனுக்கு 7 மாதம். ஞானஸ்நானம் கேட்டுப் பங்குத்தந்தையிடம் போனேன். “பெற்றோர் முதலில் கோயிலில் திருமணம் முடிக்கட்டும், கோயில் சந்தா பாக்கியையும் கட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார். மகனோ, “உங்க இஷ்டம்மா, என்னை மட்டும் இழுக்காதீங்க” என்கிறான். பகலில் குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டும்போது நானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் செல்லுமா?
– ஒரு பாட்டி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: செல்லும். அதனால்தான் கொடுக்கக் கூடாது என்கிறோம்.

தலையில் தண்ணீர் வழிய ஊற்றி, “தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்” என்று சொல்லி, திருச்சபை எதைச் செய்கிறதோ அதையே செய்யும் எண்ணத்தோடு யார் கொடுத்தாலும் அது திருமுழுக்குதான், அதாவது ஞானஸ்நானம்தான். ஒருமுறை கொடுத்ததை அழிக்க முடியாது, மறுமுறை கொடுக்கவும் முடியாது. நாளைக்கு உங்கள் மகனே மனம் மாறி, மகனுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கோயிலுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படி ஊற்றினீர்கள், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று பங்குத்தந்தை விசாரிக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், ‘நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கத்தோலிக்கனாக அவன் வளர்வான். அவனுக்கே அது தெரியாது.

ரகசிய ஞானஸ்நானம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. இத்தாலியின் பொலோஞா நகரில் யூதக் குடும்பம் ஒன்றின் குழந்தை நோயில் கிடந்தபோது, வேலைக்காரப் பெண் யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்தாள். விஷயம் வெளியே வந்ததும், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யூதர் வீட்டில் வளரக் கூடாது என்று, 1858-இல் அந்நகரை அப்போது ஆண்ட பாப்பரசரின் காவலர்கள் ஆறு வயதுச் சிறுவன் எட்கார்டோ மொர்த்தாராவைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். திருப்பித் தரவே இல்லை. இன்று யாரும் உங்கள் பேரனைத் தூக்கிப் போகப்போவதில்லை. ஆனால் உங்களை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற மருமகளுக்கு இது என்றாவது தெரியவந்தால், அதற்குப் பிறகு பிள்ளை உங்கள் மடியில் இருக்குமா?

பொதுநிலையினர் (சாதாரண விசுவாசிகள்) திருமுழுக்குக் கொடுப்பது அவசரத்துக்கு மட்டும். குழந்தை உண்மையிலேயே சாகும் ஆபத்தில் இருந்தால் அந்த நிமிடமே கொடுக்கலாம். கிறிஸ்தவரல்லாத நர்ஸ்கூடக் கொடுக்கலாம். பெற்றோருக்கு விருப்பமில்லாவிட்டாலும் திருச்சபைச் சட்டம் அதை அனுமதிக்கிறது. சுத்தமான தண்ணீர் நெற்றியில் வழிந்து ஓட வேண்டும். ஈரத்துணியால் தொட்டுத் துடைத்தால் போதாது. ஊற்றுபவரே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்வது தவறு. பிறகு பங்கில் தெரிவித்துப் பதிய வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டால் எண்ணெய் பூசுவது, வெள்ளாடை, மெழுகுவர்த்தி போன்ற மீதிச் சடங்குகள் கோயிலில் நடக்கும், தண்ணீர் மட்டும் மறுபடி கிடையாது. உங்கள் பேரன் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கே இருக்கிறது அவசரம்?

உங்கள் பயம் எது என்று புரிகிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தை இறந்தால் மோட்சம் இல்லை, மோட்சமும் நரகமும் அல்லாத லிம்போ என்ற இடத்துக்குப் போகும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை உங்களுடையது. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்றுதான் கத்தோலிக்க மறைக்கல்வி சொல்கிறது. 2007-இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு வெளியிட்ட ஏடும் அவர்களுக்கு மீட்பு உண்டு என்று நம்பக் காரணங்கள் இருப்பதாகச் சொன்னது. காத்திருக்கும் மாதங்களில் உங்கள் பேரனைக் கடவுள் கைவிட்டுவிட மாட்டார்.

இப்போது பங்குத்தந்தையின் பதிலுக்கு வருவோம். அவர் கேட்ட இரண்டுக்குமே சட்டத்தில் இடமில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 868-ஆம் எண் கேட்பவை இரண்டுதான்: பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்று எதிர்பார்க்க ஆதாரம் இருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்புக்கு அறவே வழியில்லாவிட்டால் தள்ளிவைக்கலாம். அப்போதும் காரணத்தைப் பெற்றோரிடம் எடுத்துச்சொல்ல வேண்டும். இங்கே அவர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசவே இல்லை. வாசலில் நின்ற பாட்டியிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெற்றோரின் திருமணம் கோயிலில் நடக்கவில்லை என்பது குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் தடை அல்ல. 2014 ஜனவரி 12 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்குக் கொடுத்த 32 குழந்தைகளில், பதிவுத் திருமணம் மட்டும் செய்திருந்த தம்பதியின் குழந்தையும் ஒன்று. உங்கள் மகனின் திருமணத்தை ஆயரின் அனுமதியோடு பின்னால் சரிசெய்ய வழி இருக்கிறது. அதை இதற்கு முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது. சந்தா விஷயம் இன்னும் மோசம். ஆயர் வரையறுத்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, வறுமையால் யாருக்கும் ஞானஸ்நானம் போன்ற அருளடையாளம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது 848-ஆம் எண். பாக்கியைக் காட்டி ஒரு குழந்தையின் தலையில் விழ வேண்டிய தண்ணீரை நிறுத்துவது மறைப்பணி ஆகாது. பாக்கி இருந்தால் கட்டுங்கள், அது வேறு கணக்கு. பங்குத்தந்தை மறுபடியும் அதையே சொன்னால், பல பங்குகளைக் கவனிக்கும் வட்டார அதிபரிடமோ, ஆயர் இல்லத்தில் ஆயருக்கு அடுத்த நிலையில் உள்ள முதன்மைக் குருவிடமோ எழுத்தில் கொடுங்கள்.

ஆனால் ஒன்றில் அவர் கவலை நியாயமானது. “உங்க இஷ்டம்மா” என்பது சம்மதமா? சட்டத்தின் முதல் வரிக்கு ஒருவேளை போதலாம், சடங்குக்குப் போதாது. கோயில் வாசலிலேயே பெற்றோரைப் பார்த்து, இந்தக் குழந்தையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பிறகு பாவத்தை விட்டுவிடுவதாகச் சொல்லி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். மருமகளுக்கு இதில் சங்கடம் வேண்டாம்: விசுவாச அறிக்கை சொல்ல முடியாத பெற்றோர் அந்த இடத்தில் மௌனமாக இருக்கலாம், குழந்தை அந்த நம்பிக்கையில் வளர அனுமதித்தால் போதும் என்று சடங்கு நூலின் முன்னுரையே சொல்கிறது. உங்கள் மகன் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று ஒருநாளாவது கோபமில்லாமல் கேட்டிருக்கிறீர்களா? முதலில் அதைக் கேளுங்கள்.

மருமகளிடமும் கேளுங்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் தயக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தபோது, குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஆணை அநீதி என்பதே எங்கள் கருத்து. அது மாறும்வரை, பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தொடக்கூடிய ஒரு முடிவைப் பெற்ற தாய்க்குத் தெரியாமல் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இருவரும் சரி என்றால், பங்குத்தந்தையிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குழந்தைத் திருமுழுக்கு பற்றி வெளியிட்ட அறிவுரை உங்களுக்குத் துணை நிற்கிறது: பெற்றோரோ, ஞானப்பெற்றோரோ, நெருங்கிய உறவினரோ தரும் நம்பத்தக்க உறுதியே போதுமானது என்கிறது அது. எனவே உறுதியை உருப்படியாகச் சொல்லுங்கள். ஞாயிறு பூசைக்குப் பேரனை யார் தூக்கி வருவார், மறைக்கல்வி வகுப்புக்கு யார் கொண்டுவிடுவார், நீங்கள் முடியாமல் படுத்தால் அடுத்து யார்? உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழுவில்) இருந்து இருவர் கூட வந்து பேசினால் இன்னும் நல்லது.

ஞானப்பெற்றோராக ஒருவர் இருந்தாலே போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். 16 வயது முடிந்து, நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்று, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும். பெற்றோர் ஆகக் கூடாது, பாட்டி ஆகலாம். ஆனாலும் நீங்கள் அந்த இடத்தை எடுக்க வேண்டாம். பேரனுக்கு 15 வயதாகும்போது கூட நிற்கக்கூடிய ஒருவரைப் பாருங்கள். தங்கச் சங்கிலி போடும் சித்தப்பா கோயில் பக்கமே வராதவர் என்றால், விருந்தில் அவருக்கு முதல் இலை போடுங்கள், ஞானத்தந்தை ஆக்காதீர்கள்.

மகன் வேறு பங்கில் குடியிருந்தால் அந்தப் பங்கில்தான் கேட்க வேண்டும், அல்லது அங்கிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி வர வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் அலைகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், மகனின் திருமுழுக்குச் சான்றிதழ், ஞானப்பெற்றோரின் உறுதிப்பூசுதல் சான்று ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். புனிதரின் பெயர்தான் வேண்டும் என்று இப்போதைய சட்டம் கேட்பதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாவிட்டால் சரி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் அந்தோணி என்று இன்னொரு பெயர் என வைத்துவிட்டு, இருபத்தைந்து வருடம் கழித்துத் திருமண ஓலைக்கு (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு) வந்து நிற்கும் பிள்ளைகள் ஏராளம். அன்று சடங்கு முடிந்ததும் சாப்பாட்டுக்கு ஓடாமல், பதிவேட்டில் பெயரும் எழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று மகனை விட்டே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.