வாசலில் எண்ணிய கணக்கு

கேள்வி: கல்லூரிப் படிப்பில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. அப்படியிருக்க, படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய், ஐ.ஐ.டி.யில் தனி இடம், போதாக்குறைக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்திலும் முன்னுரிமை என்று எல்லாவற்றையும் பெண்களுக்கே அள்ளிக் கொடுப்பது என்ன நியாயம்? அறிவுக்கு ஆண், பெண் உண்டா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் குறிப்பிடும் கணக்கு உண்மைதான். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 18-23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5 விழுக்காடு, ஆண்களுக்கு 28.3 விழுக்காடு. இந்த 0.2 இடைவெளிக்கு ‘முந்திவிட்டார்கள்’ என்பது சற்றுப் பெரிய சொல் என்றாலும், அதற்காக உங்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் இது கல்லூரி வாசலில் நின்று எண்ணிய கணக்கு. உள்ளே போய் எந்த வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால், பொறியியல் மாணவர்களில் பெண்கள் பத்துக்கு மூவர் அளவில்தான் இருக்கிறார்கள். 2016-இல் ஐ.ஐ.டி.களில் சேர்ந்தவர்களில் அவர்கள் சுமார் 8 விழுக்காடு மட்டுமே.

அதற்காகத்தான் 2018 முதல் அங்கே பெண்களுக்கென இடங்கள் உருவாக்கப்பட்டன. அவை இருக்கிற இடங்களிலிருந்து பிடுங்கியவை அல்ல, கூடுதலாகச் சேர்த்தவை. ஆகவே எந்த மாணவனின் நாற்காலியும் பறிபோகவில்லை. அந்த இடங்களில் தரவரிசையின் கடைசி எண் சற்றுத் தள்ளிப் போகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேருகிற ஒவ்வொரு பெண்ணும் அதே நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றவர்தான்.

காப்புரிமை விஷயத்தில் உங்களுக்கு யாரோ பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது, தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கோரலாம் என்று சேர்த்தார்கள். கூடுதல் கட்டணம் செலுத்தி வரிசையில் சற்று முன்னால் போகலாம், அவ்வளவுதான். புதுமை உண்டா, கண்டுபிடிப்புத் திறன் தெரிகிறதா, தொழிலில் பயன்படுமா என்ற சோதனைகளில் இம்மியளவும் தளர்வு இல்லை. இதே வசதி ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு 2016-லேயே வந்துவிட்டது; அப்போது ‘அறிவுக்கு வயது உண்டா’ என்று யாரும் நமக்கு எழுதியதாக நினைவில்லை. இந்த விதியில் ஓட்டை ஒன்று இருப்பதை வேண்டுமானால் நீங்கள் கேட்டிருக்கலாம். வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயரைப் போடுவதுபோல், விண்ணப்பத்திலும் மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்து ஒரு கணவர் முந்திக்கொள்ள இடமிருக்கிறது.

அறிவுக்கு ஆண், பெண் இல்லை, படிவத்துக்கு இருந்தது. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1940-களில் பட்டம் பெற்றார். அவரோடு தெரேசியா, லீலம்மா என்ற இருவரும் கட்டடப் பொறியியல் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் முன்கூட்டியே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். தெரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார் என்பது வேறு.

படிப்பு முடிந்து வேலைக்கு வருவோம். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் முத்தம்மா. அந்தப் பணியின் விதிப்படி, பெண் அதிகாரி திருமணம் செய்ய எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிப்பதாக அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். 1979-இல் அவர் தொடுத்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஆண் அதிகாரி திருமணம் செய்தால் அதே ஆபத்து இல்லையா என்ற பொருளில் அந்த விதியைச் சாடினார்.

விதி போய்விட்டது, கேள்வி போகவில்லை. இன்றைய நேர்காணலில் ‘கல்யாணம் எப்போது?’ என்பது புன்னகையோடு கேட்கப்படுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது வெறும் பழமைவாதம் அன்று, கணக்கும் கூட. 2017-லிருந்து, முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. மாதம் ரூ. 21,000 வரை ஊதியம் பெற்று, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தருகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு, அதாவது படித்துத் திறன் பெற்ற பெண்ணுக்கு, முழுச் செலவும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பே கிடையாது. நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம், ஆள் எடுப்பவரின் மேசையில் ஆணைச் சற்று மலிவாகக் காட்டுகிறது. செலவை அரசும் நிறுவனங்களும் பொதுவில் பகிர்ந்துகொள்ளும்வரை, கல்லூரி வாசலில் எத்தனை பேரை எண்ணினாலும் இந்த மேசையில் எண்ணிக்கை குறையும்.

மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்து வந்த திருமண உதவித் திட்டத்தைத்தான், 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கான கல்லூரி உதவியாக மாற்றினார்கள். தங்கம் கொடுத்தபோது எழாத நியாயக் கேள்வி, படிப்புக்குக் கொடுக்கும்போது எழுவது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

‘பெண்களுக்கே’ என்பதும் சரியல்ல. 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் அதே ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அதற்குத் தேவையும் இருக்கிறது. 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.70 விழுக்காடும் மாணவர் 93.16 விழுக்காடும் தேறினார்கள். ஆண்டுதோறும் இதே கதைதான். பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள், பதினாறு வயதில் யார் அவர்களைப் பட்டறைக்கும் கடைக்கும் அனுப்புகிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்திருப்பேன்.