இறுகிப்போன பழைய சைக்கிளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: பல ஆண்டுகள் மழையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பிரேம் இரும்பு. சீட் கம்பி, ஹேண்டில்பார், பெடல், அதைத் தாங்கும் கிராங்க் எதுவும் அசையவில்லை. எந்த எண்ணெயை விடலாம்? நெருப்பில் சூடாக்கலாமா? சுத்தியலால் அடித்தால் பிரேம் கெட்டுவிடுமா?

பதில்: எண்ணெயைத் தேடுவதற்கு முன், இறுகிய இடம் ஒவ்வொன்றிலும் எந்த உலோகத்துக்குள் எந்த உலோகம் இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அதைப் பொறுத்தே மாறும். சிறு காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு துருப்பிடிக்கும்போது, அரிக்கப்பட்ட இரும்பைவிட அதிலிருந்து உண்டாகும் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு இடையே இருந்த நூலிழை இடைவெளியும் அடைபட்டுப் போகிறது. இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி இருந்தால் நிலைமை இன்னும் கடினம். நடுவே ஈரம், அதிலும் உப்பு கலந்த ஈரம், புகுந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன. அலுமினியம் அரிபட்டு, வெண்பொடியாகப் பருத்து, குழாயை உள்ளிருந்து நெருக்குகிறது.

எண்ணெயைப் பொறுத்தவரை, மெல்லிய இடுக்கில் ஊர்ந்து செல்லும் ஊடுருவும் எண்ணெய்தான் தேவை. கிரீஸ் உள்ளே போகாது; சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக உறைந்து வேலையைக் கெடுக்கும். டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. லேசான துருவுக்கு அது போதும், ஆனால் ஆண்டுக்கணக்கில் இறுகியதற்கு ஊடுருவும் எண்ணெய் என்றே விற்கப்படுவதை வாங்குவது நல்லது. முதலில் கம்பி பிரஷ்ஷால் மேல்துருவைத் தேய்த்து அகற்றுங்கள். இல்லையென்றால் எண்ணெயை அந்தத் துருவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காலையும் மாலையும் சில சொட்டுகள் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, சில நாட்கள் அப்படியே விடுங்கள். அந்த அதிர்வில் துரு நுண்ணிய கீறல்களாக விட்டுக்கொடுக்க, எண்ணெய் அதன் வழியே இறங்கும். இந்தக் காத்திருப்பை யாரும் விரும்புவதில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் உடைந்துபோன பாகங்களில் பெரும்பகுதி முதல் நாளே பலத்தைக் காட்டியதால் உடைந்தவைதான்.

சூடாக்குவது இரும்புக்குள் இரும்பு இறுகியிருந்தால் உதவும். அப்போதும் வெளிப்பாகத்தை மட்டுமே சூடாக்க வேண்டும். அலுமினியமோ வெப்பத்தில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே இரும்புக் குழாய்க்குள் சிக்கிய அலுமினியக் கம்பியைச் சூடாக்கினால் அது இன்னும் இறுகத்தான் செய்யும்; அங்கே கம்பியைப் பனிக்கட்டியால் குளிர்விப்பதே சரி. பல இடங்களுக்குக் கொதிநீரோ வெப்பக்காற்றுத் துப்பாக்கியோ போதும். திறந்த தீச்சுடர் பெயின்ட்டைக் கருக்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் அதைக் காட்டவே கூடாது.

பெடலைக் கழற்றும் முன் திசையை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வலது பெடலுக்கு வழக்கமான மரை; இடது பெடலுக்கு இடமரை, அதாவது கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். குழப்பம் வராமலிருக்க ஒரு வழி உண்டு: எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் நுனியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் பெடல் கழலும். பெரும்பாலான பெடல்களுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், அது நீளமானதாக இருப்பது நல்லது.

பழைய சைக்கிள்களில் கிராங்க்கை அச்சோடு பூட்டுவது காட்டர் பின், அதாவது ஆப்புபோல் ஒரு பக்கம் சரிந்து, நுனியில் நட் பூட்டிய இரும்பு முளை. இதை எடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள். அது மரையைக் காக்கும். பின்னின் தலை உள்ளே நுழையும் அளவுள்ள கனமான இரும்புக் குழாய்த்துண்டு ஒன்றைத் தரையில் நிறுத்தி, கிராங்க் அதன் விளிம்பில் நன்றாக அமரும்படி வையுங்கள். அடியின் பலம் குழாய் வழியே தரைக்குப் போகும்; இல்லாவிட்டால் அது அச்சின் பால்ரஸ்ஸுக்குப் போய், அவை உருளும் கிண்ணமான கப்பில் பள்ளம் விழும். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே ஓர் உறுதியான அடி. சிறிய சுத்தியலால் பல முறை தட்டினால் பின்னின் நுனி நசுங்கி அகன்று, பின்னை எடுக்கவே முடியாமல் போகும். வளைந்துவிட்டால் நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு, நடுவில் துளையிட்டுப் பலவீனப்படுத்தி வெளியே தட்டுங்கள். எடுத்த பின்னைத் திரும்பப் போட வேண்டாம்.

ஹேண்டில்பார் தண்டை விடுவிக்க, அதன் உச்சியிலுள்ள போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்து அடியுங்கள். கீழே குழாயை நெருக்கிக்கொண்டிருக்கும் ஆப்பு விழுந்துவிடும். அதன் பிறகு முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் திருகினால் தண்டு கழலும்.

சீட் கம்பிக்குத்தான் அதிகப் பொறுமை தேவை. கிளாம்ப் போல்ட்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். கிராங்க் அச்சைக் கழற்றிய பின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால், அடியிலுள்ள துளை வழியே விடும் எண்ணெய் சீட் குழாய்க்குள் இறங்கிக் கம்பியின் அடிமுனையில் தேங்கும். மேலிருந்து விடும் எண்ணெய் எட்டாத இடம் அது. ஓரிரு நாள் ஊறிய பின், பழைய சீட் ஒன்றைக் கம்பியில் இறுக்கிப் பூட்டி, இழுக்காமல் திருக மட்டும் செய்யுங்கள். எந்தப் பக்கமானாலும் ஒரு மயிரிழை அசைந்தால் போதும். அந்த இடுக்கில் மேலும் எண்ணெய் விட்டுத் திரும்பத் திரும்ப அசைக்கலாம். அசையாவிட்டால், சீட்டை எடுத்துவிட்டுக் கம்பியின் தலையை வலுவான வைஸில் கடிக்கவிட்டு, பிரேமையே நெம்புகோலாக்கி இரு முனைகளையும் பிடித்துச் சீராகத் திருப்புங்கள். கம்பி கெட்டுப்போகும், பிரேம் பிழைக்கும். கடைசி வழி, கம்பியைக் குழாய்க்கு மேல் சிறிது விட்டு அறுத்து, ரம்பத் தகட்டால் உட்புறமிருந்து நீளவாக்கில் கீறி, இடுக்கியால் உள்நோக்கிச் சுருட்டி எடுப்பது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கண்ணைப் பறிக்கக்கூடியது, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனையும் வெளிவிடும். வீட்டில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

கிராங்க் அச்சின் கப்புகளில், செயின் பக்கத்தது பெரும்பாலான சைக்கிள்களில் இடமரை; பழைய பிரெஞ்சு, இத்தாலியச் சைக்கிள்கள் பலவற்றில் இரு பக்கமும் வழக்கமான மரை. பிரேக் கேபிள்களையும் இறுகிய செயினையும் மீட்க முயல வேண்டாம், புதிதாகவே மாற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எல்லா மரையிலும், சீட் கம்பி முழுவதிலும் கிரீஸ் தடவுங்கள். ஹேண்டில்பார் தண்டு வெளியே வந்திருக்கும் இந்த நேரத்திலேயே முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் உருவி, ஆப்பு நெருக்கிய இடத்தில் அதன் குழாயைத் துடைத்துப் பாருங்கள். அங்கே வீக்கமோ விரிசலோ ஆழ்ந்த துருவோ தெரிந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஃபோர்க்கை மாற்றாமல் சைக்கிளில் ஏறக்கூடாது.