கையில் ஒட்டும் மாவு

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து பீட்சா மாவு பிசைந்தேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. மாவு கையில் ஒட்டுகிறது என்று இருவரும் கத்தக் கத்த, நான் பிடி பிடியாக மைதாவை அள்ளிப் போட்டேன். ஆறிப்போனால் ஈஸ்ட் வேலை செய்யாதோ என்று பயந்து, கெட்டிலில் அப்போதுதான் கொதித்த தண்ணீரில் அதைக் கரைத்தேன். இரண்டு மணி நேரம் மூடி வைத்தும் மாவு உப்பவில்லை. கட்டையால் தேய்த்தால் தேய்த்த வேகத்தில் சுருங்கியது. "இது வேணும்னே பண்ணுது" என்று மகன் கட்டையை வீசிவிட்டான். கடைசியில் அட்டை மாதிரி ஒன்றை மென்று முடித்தோம். இனி மாவை நானே முன்னதாகப் பிசைந்து வைத்துவிட்டு, மேலே சீஸ் தூவும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா? இன்னொன்று. ஓவனுக்குள் வைக்கும்போது ஈஸ்ட்டுக்கு வலிக்குமா என்று மகள் கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர.,

வேண்டாம். சீஸ் தூவுவது இரண்டு நிமிட வேலை, அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மாவைத்தான் அவர்களிடம் கொடுக்க வேண்டும். அன்று நடந்த இரண்டு தவறுகளும் பெரியவருடையவை. நானும் அதே இரண்டையும் செய்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கொதித்த தண்ணீர். ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே செத்துவிடும். நீங்கள் கரைத்த நொடியிலேயே கதை முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அல்ல, இரண்டு நாள் காத்திருந்தாலும் மாவு எழும்பாது. தண்ணீர் 35 டிகிரி சுமாருக்கு இருந்தால் போதும். விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்லும் வேலையை மகளுக்குக் கொடுங்கள் (தண்ணீரை முதலில் உங்கள் விரல் பார்த்த பிறகு).

இரண்டாவதுதான் பெரியது. மாவு ஒட்டியது தவறே இல்லை. எந்தப் பீட்சா மாவும் முதல் பத்து நிமிடம் ஒட்டத்தான் செய்யும். தண்ணீர் இன்னும் மாவுக்குள் இறங்கவில்லை, வெளியே நிற்கிறது, அவ்வளவுதான். நாமோ கை பிசுபிசுத்தவுடன் ஏதோ கெட்டுப்போனதாக நினைத்து மைதாவைக் கொட்டுகிறோம். அப்படிக் கொட்டிய ஒவ்வொரு பிடியும் பிறகு கல்லாகத் திரும்பி வருகிறது. செய்ய வேண்டியது வேறு. உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்துவிட்டு, பாத்திரத்தை மூடி, 20 நிமிடம் எல்லோரும் சமையலறையை விட்டு வெளியே போய்விடுங்கள். யாரும் தொடாமலேயே மாவில் உள்ள புரதங்கள் தண்ணீரைக் குடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதுதான் குளூட்டன். திரும்பி வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வேலை தானாகவே நடந்திருக்கும். மீதி ஒட்டலுக்குக் கையில் சில சொட்டு எண்ணெய் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல மாயவித்தை எனக்குத் தெரியாது.

அளவு கேட்பீர்கள். மைதா 500 கிராம், தண்ணீர் 310 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தலா 200 கிராமில் நான்கு உருண்டை வரும். கப்பில் அளக்காதீர்கள். கப்பில் மாவை அமுக்கினால் ஒரு கணக்கு, தளர்வாக அள்ளினால் ஒரு கணக்கு. டிஜிட்டல் தராசு மகனுடைய பொறுப்பு. பாத்திரத்தை வைத்துச் சுழியாக்குவது எப்படி என்று ஒரு முறை காட்டினால் போதும், பிறகு உங்களைத் தொடவிட மாட்டான்.

எட்டு நிமிடம் பிசைந்தால் மாவு வழவழப்பாகிவிடும். அதில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி நேரான கண்ணாடி டம்ளரில் அமுக்கி, அதன் உயரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு மாட்டுங்கள். 'சும்மா இரு, உப்பும்' என்றால் எந்தக் குழந்தையும் இருக்காது. டம்ளர் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது. மாவு ரப்பர் பேண்டைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு வந்ததும் அவர்களே ஓடி வந்து சொல்வார்கள். வெயில் நாளென்றால் ஒரு மணி நேரம், குளிரென்றால் அதிகம்.

சுருங்கியது ஏன் என்றால், இறுகிப்போன குளூட்டன் ரப்பர் மாதிரி. இழுத்தால் பழைய இடத்துக்கே போகும். மகனிடம் மாவோடு சண்டை போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடி வைத்துவிட்டு 15 நிமிடம் கழித்து வந்தால் அதே மாவு சொன்னபடி விரியும். கட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். நடுவிலிருந்து வெளியே விரல் நுனியால் அமுக்கி, ஓரத்தில் ஒரு விரலகலம் தொடாமல் விட்டால் உள்ளிருக்கும் காற்று அங்கே ஒதுங்கி விளிம்பு உப்பும். வட்டம் வராது. வரைபடத்தில் ஏதோ ஒரு தீவைப் போல வரும். திருத்தப் போகாதீர்கள்.

ஓவன் மட்டும் உங்களுடையது. தட்டைக் கவிழ்த்து உள்ளே வைத்து, இருக்கும் அதிகபட்ச சூட்டில், பெரும்பாலும் 250 டிகிரியில், அரை மணி நேரம் காய விட்டுப் பிறகு பீட்சாவை அதன் மேல் இறக்குங்கள். பத்து நிமிடம் ஆகும். பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலிய நகரம் நேப்பிள்ஸின் விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும், ஆனால் அங்கே சூடு 430 டிகிரிக்கும் மேல். அந்தப் படங்களைப் பார்த்து ஏங்காதீர்கள். பச்சை மாவை மட்டும் நக்க விடாதீர்கள். வேகாத மைதாவில் ஈ. கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும்.

இனி மகளின் கேள்வி. 1837-இல் தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி உள்ளிட்ட சிலர் ஈஸ்ட் உயிருள்ளது என்று சொன்னபோது, லீபிக், வோலர் என்ற இரண்டு பெரிய வேதியியலாளர்கள் சிரித்தார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தைக் கழிக்கும் குட்டிப் பிராணி என்று 1839-இல் ஒரு கேலிக் கட்டுரையே வெளியிட்டார்கள். உங்கள் மகள் அவர்களைத் தாண்டிவிட்டாள், உயிர் உண்டென்று வைத்துக்கொண்டுதான் வலியைப் பற்றிக் கேட்கிறாள். வலிக்காது என்று சொல்லுங்கள். ஒரே ஒரு செல், நரம்பு கிடையாது. அடுத்து "செத்துப்போகுமா?" என்பாள். போகும் என்று உள்ளதையே சொல்லுங்கள். ஓவனில் முதல் சில நிமிடம் சூடு ஏற ஏற அது இன்னும் வேகமாகக் காற்றை விடும், பிறகு அடங்கிவிடும். வெந்த விளிம்பைப் பிய்த்தால் உள்ளே தெரியும் ஓட்டைகள் எல்லாம் அந்தக் காற்று இருந்த இடங்கள். பிய்த்தே காட்டலாம்.