பாக்டீரியாவுக்குள் 24 மணி நேரக் கடிகாரத்தைச் செயற்கையாக அமைக்க முடியுமா?

ஈ.கோலி மாதிரி, உள்ளே கடிகாரமே இல்லாத ஒரு பாக்டீரியாவுக்கு நாமே ஒன்றை வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி முடிந்திருக்கிறது. துடிக்க வைத்தாகிவிட்டது, நேரம் காட்ட வைப்பதுதான் பாக்கி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

2000-ஆம் ஆண்டில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டனிஸ்லாஸ் லீப்லரும் மூன்று மரபணுக்களை வட்டமாகக் கோத்தார்கள். முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. ஈ.கோலிக்குள் வைத்ததும், பச்சையாக ஒளிரும் புரதம் ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 150 நிமிடம். ஆனால் 40 சதவீதம் செல்களில்தான் துடிப்பு தெரிந்தது. ஒரே தாய் செல்லிலிருந்து பிரிந்தவைகூடச் சீக்கிரமே ஆளுக்கொரு தாளத்துக்குப் போய்விட்டன. 2016-ல் யோஹான் பால்சனின் குழு இதே சுற்றைச் செம்மைப்படுத்தி, அசத்தலான ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அப்போதும் ஒரு சிக்கல். அந்தச் சுற்று தலைமுறைகளைத்தான் எண்ணியது. சுமார் 14 தலைமுறைக்கு ஒரு துடிப்பு. செல் வேகமாகப் பெருகினால் துடிப்பும் வேகமாகிவிடும். இப்படிப்பட்டதை நான் கடிகாரம் என்று சொல்ல மாட்டேன்.

பகல்-இரவுக் கடிகாரம் என்றால் மூன்று குணங்கள் வேண்டும். வெளியிலிருந்து எந்தத் தடயமும் கிடைக்காதபோதும் சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓட வேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் அந்தக் காலம் மாறக் கூடாது. ஊரின் பகல் இரவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

இயற்கை இதைச் சயனோபாக்டீரியாவில், அதாவது சூரிய ஒளியில் வாழும் பாக்டீரியாவில், ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. சினெகோகாக்கஸ் என்ற வகையில் கய்-ஏ, கய்-பி, கய்-சி என்று மூன்று புரதங்கள். 2005-ல் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாவோ கோண்டோவின் குழு இந்த மூன்றையும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி-யோடு (ATP) சேர்த்து ஒரு சோதனைக் குழாயில் போட்டது. மரபணு கிடையாது, செல் கிடையாது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் கய்-சி இரண்டு பட்டைகளாகப் பிரியும். பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியது மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும், ஒட்டாதது கீழே இறங்கிவிடும். நேர வரிசையில் பார்த்தால் மேல் பட்டை தடித்து, மெலிந்து, மறுபடி தடிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். 25 டிகிரியிலும் 35 டிகிரியிலும் அந்தக் காலம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. சாதாரண வேதிவினை என்றால் பத்து டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்காவது ஆகும். இந்த முடிவை முதன்முதலாகப் படிப்பவர் யாரும் நம்பத் தயங்குவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வேலை நடக்கும் விதம் இது. கய்-ஏ தூண்டிவிட, கய்-சி தன்மேல் தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. முழுக்க ஏறியதும் கய்-பி வந்து ஒட்டி, கய்-ஏ-வையும் பிடித்துக் கட்டிப்போடுகிறது. தூண்டுதல் நின்றதால் பாஸ்பேட் கழன்றுவிடும், கட்டு அவிழும், கய்-ஏ மறுபடி வேலைக்கு வரும். இதில் முக்கியம், எல்லாமே ஆமை வேகம். ஒரு கய்-சி மூலக்கூறு ஒரு நாளைக்குச் சுமார் 15 ஏடிபி-யைத்தான் செலவழிக்கிறது. கய்-பி ஒட்டுவதற்கு முன் தன் மடிப்பையே, அதாவது வடிவத்தையே, மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் மணிக்கணக்காகும். 24 மணி நேரம் என்ற கணக்கு புரதத்தின் உடம்பிலேயே இருக்கிறது. அதனால்தான் மரபணுச் சுற்றை எவ்வளவு நீட்டினாலும் இந்த இடத்துக்கு வர முடியாது என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் இதையே ஈ.கோலிக்கு மாற்றி வைக்கலாமே? 2015-ல் ஹார்வர்டில் பமேலா சில்வரின் குழு அதைத்தான் செய்தது. ஈ.கோலிக்குள் கய்-சியின் பாஸ்பேட் சுமார் ஒரு நாள் தாளத்தில் ஏறி இறங்கியது, அதை ஒரு செயற்கை மரபணு வெளிப்பாட்டோடும் இணைத்தார்கள். மூன்று புரதங்களின் அளவு விகிதம் தப்பினால் இது நடக்காது. கய்-ஏ அதிகமானால் கட்டிப்போட்டதுபோக மீதி திரிந்துகொண்டிருக்கும், பாஸ்பேட் இறங்கவே இறங்காது.

இனி மிச்சம் இருப்பது மூன்றாவது குணம், எனக்குப் பெரிய கவலையும் அதுதான். சயனோபாக்டீரியா வெயிலில் சாப்பிடுகிற உயிர். இருட்டினால் ஏடிபி-க்கும் அது எரிந்து மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட்டுக்கும் (ADP) இடையிலான விகிதம் சரிகிறது. கய்-சி அதைக் கொண்டே இரவு வந்ததை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஈ.கோலிக்குப் பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். உள்ளே கடிகாரம் ஓடும், ஆனால் முள்ளைத் திருப்பி வைக்க ஆள் இல்லை. கோடிக்கணக்கான செல்கள் மெல்ல மெல்ல ஆளுக்கொரு மணி காட்டினால், மொத்தமாகப் பார்க்கும்போது தாளமே தெரியாது.

என்னிடம் விட்டால் கய்-ஏ உற்பத்தியை ஒளியால் இயங்கும் மரபணு விசையோடு கோப்பேன். ஒளிக்கு ஏற்ப மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் கூடிய ஈ.கோலி 2005-லேயே வந்துவிட்டது. ஆய்வகக் குடுவைக்கு அது போதும். குடலுக்குள் மருந்து சுரக்கும் பாக்டீரியா என்று யோசிப்பவர்களுக்கு ஒளி உதவாது. உணவு வந்து சேரும் நேரத்தையோ உடல் சூட்டின் ஏற்ற இறக்கத்தையோ தடயமாகப் பிடிக்க வேண்டும். இரண்டாவது வழி கடினம், சூட்டைப் பொருட்படுத்தாமல் ஓடுவதுதானே இந்தக் கடிகாரத்தின் சிறப்பே. அதனால் உணவு வழியாகத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும்.