ஓலன்சபைனால் ஏறிய எடை: மரபணு சோதனை தேவையா?

தம்பிக்கு ஓலன்சபைன் (மனச்சிதைவு போன்ற மனநோய்களுக்கான மாத்திரை) தொடங்கிய ஆறு மாதத்தில் 14 கிலோ ஏறிவிட்டது, அம்மாவும் பருமன் என்பதால் இது பரம்பரைதானா, மரபணு சோதனை எடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள், நோய் திரும்பினால் அது இந்த எடையைவிடப் பெரிய தொல்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் 2007இல் பருமனோடு தொடர்புபடுத்தப்பட்ட எஃப்டிஓ (FTO) மரபணு மாறுபாடு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்கே சராசரியாக 3 கிலோ அளவுதான் கூடுதல், ஆறு மாதத்தில் 14 கிலோ என்பது பெரும்பாலும் மருந்தின் வேலை. ஓலன்சபைன் மூளையில் ஹிஸ்டமின், செரோடோனின் என்ற வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைத்துப் பசியைக் கிளப்பிவிடுகிறது, எவ்வளவு சாப்பிட்டாலும் போதும் என்ற உணர்வு வருவதில்லை, அதனால் வாயைக் கட்டு என்று வீட்டில் திட்டுவது (திட்டுவார்கள், தெரியும்) வீண். பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் (MC4R) மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாடு இருந்தால் இவ்வகை மருந்துகளால் எடை இன்னும் ஏறுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது, ஆனால் அதைப் பார்த்து மருந்து எழுதுவது இன்னும் வழக்கமாகவில்லை.

சோதனைக்கான பணத்தில் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பாருங்கள். அப்புறம் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: எடை குறைவாக ஏற்றும், இதே வகை மருந்தான அரிபிப்ரசோலுக்கு மெதுவாக மாற்ற முடியுமா, முடியாதென்றால் எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சேர்க்கலாமா?