தொண்ணூறு சதவீதம் என்பது எவ்வளவு?

அன்புள்ள அக்கா,

டாலஸுக்கு வடக்கே ஆலன் பக்கத்தில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் லாக்டவுன் டிரில், அதாவது துப்பாக்கிக்காரன் புகுந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி, நடந்தது. வீட்டுக்கு வந்து, "லைட்டை அணைச்சிட்டு மூலையில உட்காரணும்மா, தும்மல் வந்தாக்கூட மூக்கைப் பொத்திக்கணும்" என்று செய்து காட்டினாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2023இல் இங்கே மாலில் 8 பேரைச் சுட்டுக் கொன்ற நாளை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

அதே வாரம் கணவரின் அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு. வேலை போனால் விசா மட்டுமல்ல, இன்சூரன்ஸும் போய்விடும். எனக்குத் தைராய்டு, மகளுக்கு ஆஸ்துமா.

துப்பாக்கி வாங்குகிற எல்லாரையும் குற்றப் பின்னணி உண்டா என்று பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று 90 சதவீத அமெரிக்கர்கள் சொல்வதாகப் படிக்கிறேன். எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்று 2024இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் 62 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் எதுவும் நடப்பதில்லை? கணிப்பில் மக்கள் சும்மா சொல்கிறார்களா? இல்லை, துப்பாக்கிச் சங்கத்தின் (என்.ஆர்.ஏ.) பணம்தான் காரணமா? ஓட்டில்லாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

சு.,
டெக்சாஸ்

அன்புள்ள சு.,

மக்கள் சும்மா சொல்வதாக நான் நினைக்கவில்லை. பணம்தான் முழுக் காரணம் என்றும் நினைக்கவில்லை. கணிப்பில் ஒருவரிடம் "இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். நல்லதுதான் என்கிறார், மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அதே விஷயம் சட்டமாக வரும்போது அவருக்குள் வேறு கேள்வி எழுகிறது: இதனால் என் கையிலிருந்து என்ன போகும்? அந்தக் கேள்விக்கு யார் துல்லியமாகப் பதில் வைத்திருக்கிறாரோ அவர்தான் கூட்டத்துக்குப் போகிறார், போன் செய்கிறார், மழையிலும் ஓட்டுப் போடுகிறார்.

மருத்துவத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2019 ஜனவரியில் கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு நிறுவனம், எல்லாருக்கும் ஒரே அரசுக் காப்பீடு வேண்டுமா என்று கேட்டது. 56 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். காப்பீடு எல்லாருக்கும் உரிமையாக உறுதியாகும் என்று சொன்னதும் 71 ஆக ஏறியது. தனியார் இன்சூரன்ஸ் ஒழிந்துவிடும் என்றோ வரி கூடும் என்றோ சொன்னபோது 37. சில சிகிச்சைகளுக்குத் தாமதமாகலாம் என்றால் 26. ஒரே கணிப்பு, ஒரே திட்டம், அதே ஜனங்கள்.

2009இல் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தபோது, ஆறில் ஐந்து பேருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு காப்பீடு இருந்தது. நிறுவனம் கொடுத்தது, அல்லது 65 வயதுக்குமேல் மெடிகேர், அல்லது ஏழைகளுக்கான மெடிகெய்ட். அதில் குறை இருந்தாலும் கையில் இருந்தது. அந்தக் கோடையில் தென் கரோலினாவின் சிம்ப்சன்வில்லில் காங்கிரஸ் உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய கூட்டத்தில் ஒரு முதியவர் எழுந்து, அரசாங்கம் என் மெடிகேரில் கை வைக்கக் கூடாது என்றார். மெடிகேரே அரசாங்கத் திட்டம்தான் என்று இங்லிஸ் சொல்லிப் பார்த்தார், அவர் ஏற்கவில்லை. இதை வைத்து நாடே அவரைக் கேலி செய்தது. எனக்குக் கேலியாகத் தோன்றவே இல்லை. வயதான காலத்தில் கைக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு போய்விடுமோ என்ற பயம் அது. விவரம் தப்பு, ஆனால் பயம் உண்மை.

2010 மார்ச்சில் அந்தச் சீர்திருத்தம் சட்டமானது, ஒபாமாகேர் என்று பெயர் வந்தது. ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது, பிள்ளைகளை 26 வயதுவரை பெற்றோர் காப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பிரிவாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பான்மை கை தூக்கியது. ஒபாமாகேர் என்று மொத்தமாகக் கேட்டால் வேண்டாம் என்றது. பல வருடம் இப்படியே ஓடியது. பிடித்த காப்பீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா கொடுத்த வாக்கும் பொய்த்தது. 2013 இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு பாலிசி ரத்துக் கடிதம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

2017இல் குடியரசுக் கட்சி சட்டத்தை நீக்கக் கிளம்பியதும் கணிப்பு புரண்டது. அந்த வருடம் வந்த மசோதாக்களில் சிலவற்றால் 2 கோடிப் பேருக்கு மேல் காப்பீடு இழப்பார்கள் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குக் கொடுத்தது. இப்போது இழக்கப்போகிறவர் யார் என்று அவரவருக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்துமாக் குழந்தையின் அம்மா, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர் என்று எல்லாரும் கூட்டங்களுக்கு வந்தார்கள். ஜூலை 28 விடிவதற்கு முன் செனட்டில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னே வேண்டாம் என்று கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51, மசோதா விழுந்தது. 2009இல் சீர்திருத்தத்துக்கு எதிராக நின்ற அதே பயம் எட்டு வருடம் கழித்து அதைக் காப்பாற்றியது.

துப்பாக்கி விஷயத்தில் இது நடக்காததற்குக் காரணம் கொடுமையானது. பின்னணிச் சரிபார்ப்பால் ஒரு ஆளுக்குத் துப்பாக்கி கிடைக்காமல் போனால், அதனால் உயிர் தப்பியவர் யார்? அவருக்கே தெரியாது. வழக்கம்போல் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அந்தச் சட்டத்துக்காகக் கூட்டத்துக்கு வந்து பேச அவருக்கு ஒரு காரணமும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கோ தனக்கு என்ன சிரமம் வரும் என்று வரி வரியாகத் தெரியும்.

மெய்ன் மாநிலத்தைப் பாருங்கள். 2016 நவம்பரில், தனியாருக்குள் நடக்கும் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணி பார்க்க வேண்டும் என்பதை நேரடியாக மக்கள் வாக்குக்கே விட்டார்கள். நாடு முழுக்க 90 சதவீத ஆதரவு உள்ளதாகச் சொல்லப்படும் அதே விஷயம். மெய்ன் மக்களில் ஏறக்குறைய 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே வேட்டை என்பது குடும்ப வழக்கம். மான் சீசனில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ரைஃபிளை இரவல் கொடுக்கக்கூட இருவரும் கடைக்குப் போய் ஃபார்ம் நிரப்ப வேண்டுமா என்ற கேள்விதான் கடைசி வாரங்களில் ஊரெல்லாம் ஓடியது. சட்டத்தில் விலக்குகள் இருந்தன, ஆனால் விளக்கிச் சொல்ல நேரம் எடுக்கும். பயத்துக்கு ஒரு வரி போதும்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2017 நவம்பரில், அதே மெய்ன் மெடிகெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்க 59 சதவீத ஆதரவோடு வாக்களித்தது. மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஆளுநர் லபாஜ் நடைமுறைப்படுத்த மறுத்தார். அடுத்து வந்த ஜேனட் மில்ஸ் பதவியேற்றதும் 2019 ஜனவரியில் செய்தார். ஒரு வருடத்தில் மெய்ன் மக்கள் இடதுசாரிகளாகிவிடவில்லை. மெடிகெய்ட் யாருக்குக் கிடைக்கும் என்று ஒவ்வொருவருக்கும் முகம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 25 அன்று அதே மாநிலத்தின் லூயிஸ்டனில், ஒரு பௌலிங் கூடத்திலும் ஒரு பாரிலும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் ராணுவ ரிசர்வ் படைக்காரர். அவர் மனநிலை சரியில்லை என்று குடும்பத்தினரும் உடன் பணியாற்றியவர்களும் முன்பே எச்சரித்திருந்தார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 14 லட்சம்தான், இறந்தவர்களில் யாரையாவது யாருக்காவது தெரிந்திருந்தது. 2024இல் சட்டமன்றம் விளம்பரம் செய்து விற்கும் துப்பாக்கிகளுக்குப் பின்னணிச் சரிபார்ப்பையும், வாங்க 72 மணி நேரக் காத்திருப்பையும் கொண்டுவந்தது. 2025 நவம்பரில், ஆபத்தானவர் என்று குடும்பத்தினரே நீதிமன்றத்தில் மனுக் கொடுத்துத் துப்பாக்கியை எடுக்க வைக்கும் சட்டத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவாக வாக்களித்தார்கள். 2016இல் வேண்டாம் என்ற ஊர் இது. இதற்கு 18 உயிர் போக வேண்டியிருந்ததே என்பது எனக்கு ஆறவில்லை.

ஆனால் உயிர்ப்பலி நடந்தால் சட்டம் தானாக வந்துவிடும் என்றும் இல்லை. உங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 24, யுவால்டி ஊரின் பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். சுட்டவனுக்கு 18 வயது, துப்பாக்கியைச் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான். வாங்கும் வயதை 21 ஆக்க வேண்டும் என்று பெற்றோர் தலைநகர் ஆஸ்டினுக்கு நடையாய் நடந்தார்கள். மசோதா கமிட்டியைத் தாண்டியது ஆலன் மால் சம்பவம் நடந்து இரண்டே நாளில். அப்புறம் அவையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை. கணிப்புகளில் டெக்சாஸ் மக்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஆதரித்தார்கள்.

அப்போது யுவால்டி அடங்கிய தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர் டோனி கான்சாலஸ், குடியரசுக் கட்சிக்காரர். அந்த ஜூனில் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய துப்பாக்கிச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 1994க்குப் பிறகு வந்த குறிப்பிடத்தக்க முதல் மத்தியச் சட்டம் அது. கடுமையானதும் இல்லை. 21 வயதுக்குட்பட்டவர் வாங்கினால் கூடுதலாகச் சரிபார்ப்பது, மனநல சிகிச்சைக்கு நிதி ஒதுக்குவது போன்றவை. அதற்கே டெக்சாஸ் குடியரசுக் கட்சி அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. 2024இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் துப்பாக்கி யூட்யூப் நடத்தும் ஒருவர் அவரை எதிர்த்து நின்றார். ரன்-ஆஃப் என்ற இரண்டாம் சுற்று வரை போய் ஐநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் கான்சாலஸ் தப்பினார். ஏழரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தொகுதி அது. அன்று வாக்களித்தவர்கள் சுமார் 30,000 பேர்.

நீங்கள் கேட்ட 90 சதவீதம் எங்கே போகிறது என்றால், இங்கேதான் போகிறது. கருத்துக் கேட்டால் எல்லாருக்கும் கருத்து உண்டு. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கட்சி பிரைமரிக்குப் போய் நிற்பவர்கள் மிகச் சிலர், அவர்களிடம்தான் உறுப்பினரின் பதவி இருக்கிறது. இதோடு, 100 பேர் கொண்ட செனட்டில் மசோதா நகர 60 வாக்கு வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் ஒரு பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட நான்கு மாதத்தில், 2013 ஏப்ரலில், பின்னணிச் சரிபார்ப்பு மசோதா 54-46 என்று ஆதரவு பெற்றும் தோற்றது.

துப்பாக்கிச் சங்கத்தின் பணத்தைப் பற்றி: அந்தச் சங்கம் 2021இல் திவால் மனுப் போட்டது, அதன் நெடுநாள் தலைவர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவழித்ததாக 2024இல் நியூயார்க் ஜூரி தீர்ப்புச் சொன்னது. சங்கம் இப்படித் தள்ளாடியும் செனட்டில் கணக்கு மாறவில்லை. அதன் பலம் எப்போதும் பணத்தைவிட, தவறாமல் ஓட்டுப் போடும் உறுப்பினர்களிடம்தான் இருந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் இன்சூரன்ஸ். கணவருக்கு வேலை போனால் கோப்ரா திட்டத்தில் அதே காப்பீட்டைத் தொடரலாம். நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும் என்பதால் தொகை பெரிதாக இருக்கும். அல்லது காப்பீடு போன 60 நாளுக்குள் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தைத் தளத்தில் பதிவு செய்யலாம். எச்-1பி வேலை விசாக் குடும்பங்களும் அங்கே வாங்கலாம். தைராய்டையோ ஆஸ்துமாவையோ காட்டி யாரும் உங்களை மறுக்க முடியாது. 2014க்கு முன் மறுத்திருப்பார்கள். டெக்சாஸ் மெடிகெய்டை விரிவாக்கவில்லை. பக்கத்து ஓக்லஹோமாவில் 2020இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். டெக்சாஸில் மக்கள் மனுப் போட்டு ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வழியே இல்லை.

துப்பாக்கி விஷயத்தில் ஓட்டில்லாவிட்டாலும் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேசலாம், சட்டமன்றக் கமிட்டியில் கருத்துப் பதிவு செய்யலாம், உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதலாம். குடியுரிமை யாரும் கேட்க மாட்டார்கள். (டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தை மட்டும் மறந்தும் டிக் செய்துவிடாதீர்கள், விசாவுக்கே ஆபத்து.) துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பச் சில ஊர்களின் பள்ளிக் குழுக்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் இங்கே துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதால் பூட்டு என்பது சின்ன விஷயம் இல்லை.

மகளை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் கேளுங்கள்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அலர்ஜி பற்றிப் பேசும்போது கூடவே கேட்டுவிடுவேன். ஒரு தோழியின் வீட்டில் அவள் கணவர் என்னைக் கூட்டிப்போய் அலமாரிக்குள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டி, சாவி தன் கழுத்துச் சங்கிலியிலேயே இருப்பதைக் காட்டினார். இந்தக் கேள்வியைத் தமிழ் வீடுகளிலும் கேளுங்கள், நம்மவர்களும் இப்போது வாங்குகிறார்கள். டெக்சாஸில் குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் வைத்தவர்மேல் குற்றம், பலருக்கு அது தெரியாது.

உங்கள் பள்ளி எந்த மாவட்டத்தின் கீழ் வருகிறது என்று எழுதுங்கள். குழுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுவதற்கான வரைவை நாம் சேர்ந்தே எழுதலாம். மகளுக்கு என் அன்பு.