அனுப்பாத மின்னஞ்சல்கள் ஏன் திரும்பி வருகின்றன?

கேள்வி: வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயரிலேயே எல்.கே. டொமைன் எடுத்து மின்னஞ்சல் பாவிக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால், 'உங்கள் மின்னஞ்சலைச் சேர்ப்பிக்க முடியவில்லை' என்று 340 அறிவிப்புகள் வந்து கிடந்தன. போலந்து, பிரேசில் முகவரிகள்; ஒருவரையும் தெரியாது. கணினியை இரண்டு தடவை ஸ்கேன் பண்ணியும் ஒன்றும் அகப்படவில்லை. இதற்கிடையில் கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர் ஒருவர், "உங்கட கடையில இருந்து பில் ஒண்டு வந்திருக்கு, நான் ஒண்டும் வாங்கேல்லையே" என்கிறார். எங்கள் கணினியில் வைரஸா?

பதில்: அந்த 340இற்கும் உங்கள் கணினிக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மின்னஞ்சலை ஒரு சேவரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982இல் வெளியானது. ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டத்துக்குள் இணையம் இருந்த காலம் அது. அனுப்புபவர் யார் என்று கேட்கும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லாது. கோட்டையில் ஒரு தபால்பெட்டியில் யாரோ ஒருவர் உங்கள் விலாசத்தை உறையின் பின்னால் எழுதிக் கடிதம் போட்டால், உரியவர் இல்லாதபோது தபால்காரர் உங்கள் வாசலுக்குத்தானே கொண்டுவருவார்? மின்னஞ்சலிலும் அப்படி ஓர் உறை இருக்கிறது. உறையில் ஓர் அனுப்புநர், உள்ளே கடிதத்தில் இன்னோர் அனுப்புநர். திரும்பி வருவது உறையில் உள்ள முகவரிக்கு. வாசிப்பவர் கண்ணில் படுவது உள்ளே இருப்பது. இரண்டையும் பொய்யாக எழுதலாம்.

2002இல் பரவிய கிளெஸ் வைரஸ் இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்தியது. தான் புகுந்த கணினியில் கிடக்கும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் மற்றொன்றைப் பெறுநராகவும் போட்டுவிடும். வைரஸ் இருப்பது ஒருவரிடம், பழி விழுவது சம்பந்தமே இல்லாத மூன்றாமவர் மேல். 2003 ஓகஸ்டில் சோபிக்-எஃப் என்ற வைரஸ் வந்தபோது நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நீங்கள் வைரஸ் அனுப்பியிருக்கிறீர்கள்' என்று யார் யாருடைய வைரஸ் வடிகட்டிகளோ எழுதின. அதை நம்பி, கணக்குப் பிரிவில் ஒரு பிள்ளையின் கணினியை முழுதாக அழித்துவிட்டேன். அதில் ஒரு வைரஸும் இருந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை பிறகு ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

2004 ஜனவரியில் வந்த மைடூம் இன்னும் கெட்டிக்காரன். 'மின்னஞ்சல் சேரவில்லை' என்ற அறிவிப்பாகவே வேஷம் போட்டு, இணைப்புக் கோப்புக்குள் வைரஸை வைத்திருந்தது. ஆகவே உங்களுக்கு வந்தவற்றில் எந்த இணைப்பையும் திறக்க வேண்டாம்.

திறக்காமலே உள்ளே பார்க்கலாம். ஜீமெயில் என்றால் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்', ரவுண்ட்கியூப் என்ற மின்னஞ்சல் பக்கம் என்றால் 'ஷோ சோர்ஸ்'. எல்லாம் வெறும் எழுத்தாக வரும், எதுவும் இயங்காது. பெரும்பாலான அறிவிப்புகளில், திருப்பி அனுப்பப்பட்ட மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி கீழே ஒட்டியிருக்கும். அதில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். கடந்துபோகும் ஒவ்வொரு சேவரும் தன் வரியை மேலே சேர்க்கும். அடியில் இருப்பவை கட்டுக்கதையாக இருக்கலாம். உங்களுக்குத் திருப்பி அனுப்பிய சேவர் தானே எழுதிய வரியைத்தான் நம்பலாம். தன்னிடம் மின்னஞ்சலைத் தந்த கணினியின் ஐ.பி. எண்ணை, அதாவது இணைய முகவரி எண்ணை, அது அங்கே குறித்திருக்கும். அந்த எண் உங்கள் மின்னஞ்சலை நடத்தும் ஹோஸ்டிங் கொம்பனியுடையதா என்று அவர்களிடமே கேளுங்கள். இல்லையென்றால் வெறும் பெயர்த் திருட்டு. ஆமென்றால் யாரிடமோ உங்கள் கடவுச்சொல் இருக்கிறது, அல்லது இணையத்தளத்தில் ஓட்டை. கடையின் இன்டர்நெட் இணைப்பின் ஐ.பி. என்றால்தான் உங்கள் கணினிகளைச் சந்தேகிக்க வேண்டும்.

பெயர்த் திருட்டு என்றால், இந்த வெள்ளம் வழக்கமாகச் சில நாளில் வடிந்துவிடும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று: ஹோஸ்டிங்கில் 'கெச்-ஓல்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் டொமைனில் இல்லாத பெயர்களுக்கு வருவதையும் ஒரே பெட்டியில் கொட்டும் வசதி அது. ஸ்பாம்காரர்கள் பெயர்களைக் கற்பனையாகவும் போடுவதால், பாதித் தொல்லை அதனால்தான் வரும். நிறுத்திவிடுங்கள். ஆனால் இந்த அறிவிப்புகளை எல்லாம் தானாக அழிக்கும்படி ஃபில்டர் போடாதீர்கள். நாளைக்கு ஒரு வாடிக்கையாளரின் முகவரியைப் பிழையாக அடித்தால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்புறம், பெயர்த் திருட்டைக் கட்டுப்படுத்த உங்கள் டொமைனில் போடவேண்டிய மூன்று ஏற்பாடுகள். எஸ்.பி.எஃப். பதிவு, உங்கள் பெயரை உறையில் போட எந்தச் சேவர்களுக்கு உரிமை என்று சொல்கிறது. டி.கே.ஐ.எம்., கடிதம் உங்கள் டொமைன் பெயரில்தான் வந்தது என்று காட்டும் ஒரு டிஜிட்டல் ஒப்பம். டிமார்க், கடிதத்துக்குள் தெரியும் பெயர் இந்த இரண்டில் ஒன்றோடாவது பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்று பெறுபவருக்குச் சொல்கிறது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்ப்பதால், உங்கள் சொந்தக் கடிதங்கள் போய்ச் சேரவும் இவை தேவை. டிமார்க்கை முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, சில வாரம் அது அனுப்பவைக்கும் அறிக்கைகளைப் பார்த்து, 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு), பிறகு 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று இறுக்குங்கள். எடுத்தவுடனேயே 'ரிஜெக்ட்' போட்டு, பில் அனுப்பும் மென்பொருளை எஸ்.பி.எஃப்.இல் சேர்க்க மறந்து, தன் பில்களையே தடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

சரி, கொட்டாஞ்சேனை. பிரேசில்காரருக்குப் போனது கண்மூடித்தனமாக எறிந்தது. உங்கள் வாடிக்கையாளருக்கே பில் போனதென்றால், உங்கள் இருவரையும் அறிந்த ஒரு பெட்டியிலிருந்து முகவரி போயிருக்கிறது. அது உங்களுடைய பெட்டியாகவும் இருக்கலாம். அந்தப் பில்லின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே உங்கள் டொமைன் பெயரோடு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டும் 'பாஸ்' என்றிருந்தால், அது அநேகமாக உங்கள் கணக்கிலிருந்தோ இணையத்தளத்திலிருந்தோ போனது. உடனே சுத்தமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்களுக்கு வருவதை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபோர்வர்டிங் விதியை யாரும் இரகசியமாக வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101 தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

இன்றைக்கே, வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு போன் எடுத்து, கடையின் வங்கிக் கணக்கு இலக்கம் மாறவில்லை என்று சொல்லிவிடுங்கள். பொய்ப் பில்லில் பெரும்பாலும் மாற்றப்பட்டிருப்பது அந்த இலக்கம்தான்.